8 அடி 11 அங்குலம்... ஆனா குனியாத ராபர்ட்!

காலையில ஸ்கூல் நேரத்துக்குக் காளவாசல் சிக்னல் பக்கம் நின்னு பாருங்க. ஆட்டோவுக்குக் காத்திருக்கிற பசங்க கூட்டத்துல ஒரு பிள்ளை மட்டும் மத்தவங்களைவிட ஒரு தலை உயரமா நிக்கும். தோளைச் சுருக்கி, லேசா கூன் போட்டு நிக்கும். 'பனைமரம்', 'ஒட்டகச்சிவிங்கி'ன்னு கேட்டுக் கேட்டு வந்த கூன் அது. அந்தப் பிள்ளை உங்க வீட்டுல இருந்தா, ராபர்ட் வாட்லோ கதை உங்களுக்குத்தான்.

மருத்துவப் பதிவுகளின்படி உலகிலேயே மிக உயரமா வளர்ந்த மனிதர் இவர். 1918 பிப்ரவரி 22-ல் அமெரிக்காவின் ஆல்டன் நகரில் பிறந்தப்போ எடை 3.8 கிலோதான். எட்டு வயசுலேயே அப்பாவைவிட உயரமாகிட்டார். பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்ததுதான் காரணம். அதை நிறுத்த அன்னைக்கு நம்பகமான சிகிச்சை இல்லை.

பெற்றோரால வளர்ச்சியை நிறுத்த முடியலை. ஆனா, பையன் மனசு சுருங்காம பார்த்துக்கிட்டாங்க. தம்பி தங்கச்சிகள் நாலு பேரோட சேர்ந்து எல்லாப் பிள்ளைகளையும் போலவே வளர்ந்தார். ஸ்கூல்ல அவர் அளவுக்குத் தனி டெஸ்க் செஞ்சாங்க. சாரணர் படையில் சேர்ந்தப்போ வயசு 13, உயரம் 7 அடி 4 அங்குலம்.

வளர்ந்த பிறகு சர்க்கஸ் கம்பெனி கூப்பிட்டது. ராபர்ட் போனார், ஆனா நிபந்தனையோட. விநோத மனிதர்களைக் காட்டுற தனிக் கூடாரத்தில் நிக்க மாட்டார், நடு அரங்கில்தான் வருவார், வேஷம் கிடையாது, சாதாரண உடைதான். பிறகு ஷூ கம்பெனிக்காக அப்பாவோட ஊர் ஊரா போனார். கால் நீட்ட இடம் வேணுமேன்னு அப்பா காரோட முன் சீட்டையே கழற்றிட்டார். ஒரு மருத்துவர் ராபர்ட்டைத் தரக்குறைவா சித்திரிச்சு மருத்துவ இதழில் எழுதினப்போ, குடும்பமே கோர்ட்டுக்குப் போச்சு.

கால்கள்ல உணர்ச்சி குறைவு. 1940 ஜூலையில், நடக்க உதவும் இரும்புச் சட்டம் கணுக்காலை உரசிக் கொப்புளமானது அவருக்குத் தெரியலை. பெனிசிலின் மருத்துவமனைகளுக்கு வராத காலம் அது. கிருமித்தொற்று பரவி, ஜூலை 15-ல் 22 வயசுல இறந்துட்டார். கடைசியா அளந்த உயரம் 8 அடி 11.1 அங்குலம். மகனோட பொருள்கள் காட்சிப்பொருளாகிடக் கூடாதுன்னு பெரும்பாலானவற்றை குடும்பத்தினரே அழிச்சுட்டாங்க.

உயரமான பிள்ளைகள்ல பெரும்பாலானவங்களுக்கு நோயெல்லாம் இல்லைங்க, அப்பா அம்மா உயரம்தான் வந்திருக்கும். ஆறு மாசத்துக்கு ஒருமுறை அளந்து எழுதி வைங்க. வளர்ச்சி திடீர்னு வேகமெடுத்தா, கூடவே தலைவலியோ பார்வைக் குறைபாடோ இருந்தா, குழந்தை மருத்துவரைப் பாருங்க. ராபர்ட்டுக்குக் கிடைக்காத ஆபரேஷனும் மருந்தும் இன்னைக்கு இருக்கு. கால் அளவுக்குச் சரியான ஷூ வாங்கிக் கொடுங்க, கால் முட்டாத பெஞ்சுக்கு டீச்சர்கிட்ட பேசுங்க.

முக்கியமா, சொந்தக்காரங்க கேலி செஞ்சா சேர்ந்து சிரிக்காதீங்க. ராபர்ட் நிமிர்ந்து நின்னதுக்குப் பின்னாடி, அவரை வேடிக்கைப் பொருளாக்க விடாத ஒரு வீடு இருந்தது. நாளைக்குக் காளவாசல்ல ஆட்டோவுக்கு நிக்கிற உங்க பிள்ளைக்கும் அது போதும்.