எழுதியதை வீட்டிலேயே செய்து காட்டிய எடிட்டர்... ஜி.சுப்பிரமணிய ஐயரைத் தெரியுமா உங்களுக்கு?

களமருதூரோ, கள்ளக்குறிச்சியோ... எந்த ஊர் டீக்கடைக்குப் போனாலும் ஒரே தமிழ்ப் பேப்பரை நாலு பேர் தாள் தாளா பிரிச்சுப் படிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. நாட்டு நடப்பை இப்படித் தமிழ்லயே படிக்கிறது நமக்குச் சாதாரண விஷயம். ஆனா, அதுக்காகத் தன் வாழ்க்கையையே செலவழிச்ச ஒருத்தரை நீங்க தெரிஞ்சுக்கணும். அவர், ஜி.சுப்பிரமணிய ஐயர்.

1855-ல் திருவையாறில் பிறந்தவர். சென்னையில் ஆசிரியராக வேலை பார்த்தார். 1878-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக முத்துசாமி ஐயர் என்ற இந்தியர் நியமிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர்கள் நடத்திய பத்திரிகைகள் அதை எதிர்த்து எழுதின. பதில் சொல்ல நம்மிடம் ஒரு பத்திரிகை இல்லை. 2 ஆசிரியர்கள், 4 சட்ட மாணவர்கள் சேர்ந்தாங்க. கடன் வாங்கிய 1 ரூபாய் 12 அணாவில் 80 பிரதிகள் அச்சடிச்சாங்க. அதுதான் 'தி இந்து'. எடிட்டர், 23 வயது சுப்பிரமணிய ஐயர்.

பத்திரிகை வளர்ந்தது. ஆனா, இங்கிலீஷ் தெரியாத கோடிக்கணக்கானவர்களுக்கு யார் செய்தி சொல்வது? 1882-ல் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார்.

விதவை மறுமணம் வேணும்னு எழுதுறது ஈஸி. சின்ன வயசிலேயே கணவரை இழந்த தன் மகளுக்கே, 1889-ல் பம்பாயில் மறுமணம் செய்து வெச்சார் இவர். சொந்தக்காரங்களும் சாதிக்காரங்களும் ஒதுக்கி வெச்சாங்க. இவர் எழுதுறதை நிறுத்தலை. சீர்திருத்தம் பற்றி அவர் காட்டிய வேகம், பத்திரிகையின் பங்குதாரரோடும் கருத்து வேறுபாட்டை உண்டாக்கியது. 1898-ல், தான் தொடங்கிய 'தி இந்து'வை விட்டே வெளியேறினார்.

அப்புறம் முழு மூச்சும் தமிழ்தான். அடுத்த வருஷமே, 1899-ல், சுதேசமித்திரன் நாளிதழ் ஆனது. தந்தியில் ஆங்கிலத்தில் வரும் செய்தியை அன்றன்றைக்கே தமிழாக்கணும். அரசியலுக்கும் பொருளாதாரத்துக்கும் தமிழ்ச் சொற்களைத் தேடணும். அந்த வேலைக்கு 1904-ல் ஓர் இளைஞரை உதவி ஆசிரியராகச் சேர்த்தார். 22 வயதைக்கூட எட்டாத அந்த இளைஞர்... பாரதியார்!

1908-ல் பிரிட்டிஷ் அரசு ராஜதுரோக வழக்கில் ஐயரைக் கைது செய்தது. கொடிய தோல்நோயும் அவரை வாட்டியது. 1915-ல் சுதேசமித்திரனை வேறு கைக்கு மாற்றிக்கொடுத்தார். 1916 ஏப்ரல் 18-ல் மறைந்தார். வயது 61.

சுப்பிரமணிய ஐயர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்க ஒரு எடிட்டர் இருந்தார். சொந்தபந்தத்தை இழந்தும், சிறைக்குப் போயும் அதற்கு விலை கொடுத்தார். உங்க வாட்ஸ்அப்புக்கு அடுத்து ஒரு 'செய்தி' வரும்போது, இதுக்கு யார் பொறுப்புன்னு ஒரு நிமிஷம் தேடிப் பாருங்க. யார் பேரும் இல்லைன்னா, ஃபார்வர்டு பண்ணாதீங்க பாஸ்!