பன்னிரண்டு படுக்கை

வைத்தியத்தை அரசு தரணுமா, காசுக்கு விக்கணுமா? ஹாஸ்டல்ல இந்தச் சண்டை வந்தா எனக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஞாபகம்தான் வரும்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம், 1927-ல் சட்ட மேலவை. இதெல்லாம் பரீட்சைக்குப் படிச்சதுதான். ஆனா அவரோட தங்கை புற்றுநோயில் இறந்தாங்க. அக்கா டாக்டரா இருந்தும் காப்பாத்த முடியல. அந்த நோய்க்குன்னு தென்னிந்தியாவுல அப்போ தனி ஆஸ்பத்திரியே கிடையாது.

அரசு கட்டட்டும்னு அவர் காத்திருக்கல, லாபத்துக்கும் கட்டல. இந்திய மாதர் சங்கத்தோட சேர்ந்து நன்கொடை திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல், அவரோட 67-வது வயசுல, அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கையோட திறந்தது.

1968-ல் அவர் காலமானார். காட்டாங்குளத்தூர்ல ரயிலேறி கிண்டியில இறங்கினா அந்த இடம் பக்கம்தான். முடிஞ்சவங்க பணம் கட்டுறாங்க. முடியாதவங்களுக்கு இன்னிக்கும் இலவசமாவோ குறைஞ்ச செலவுலயோ சிகிச்சை நடக்குது.