சட்டசபை சென்ற மருத்துவர்

முத்துக்குப் பெயர் பெற்றது எங்கள் தூத்துக்குடிக் கடற்கரை. ஆயினும் நான் இங்கு எழுத விரும்புவது கடலில் விளைந்த முத்தைப் பற்றியன்று. புதுக்கோட்டையில் தோன்றிய ஒரு முத்தைப் பற்றி. அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்றே நம்மில் பலர் அவரை அறிவோம். பிணியுற்ற குழந்தைகளுக்காக அவர் சட்டசபையில் வாதாடியதையும் நாம் அறிய வேண்டும்.

1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், தாயார் சந்திரம்மாள். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவு தந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். 1925இல் இங்கிலாந்து சென்று, பெண்கள், குழந்தைகள் நோய்கள் குறித்து மேற்பயிற்சி பெற்றார்.

நாடு திரும்பியதும் சென்னைச் சட்டசபையின் நியமன உறுப்பினரானார். அச்சபையில் அமர்ந்த முதல் பெண்மணி அவரே. 1927இல் அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி கல்வியும் மருத்துவமும் மாகாண அமைச்சர்களின் பொறுப்பில் இருந்தன. ஆதலால் அவற்றைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் அதுவே என்று அவர் கண்டார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். பள்ளி, கல்லூரி மாணவர்களை மருத்துவர்கள் முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

இந்த இரண்டாவது கோரிக்கையே என் நெஞ்சை ஈர்க்கிறது. நம் அண்டை நகரான பாளையங்கோட்டையில் பார்வையற்ற குழந்தைகளுக்கும் காது கேளாத குழந்தைகளுக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிறித்தவத் தொண்டர்கள் பள்ளிகள் கண்டனர். அது போற்றத்தக்க அறம். ஆனால் கொண்டுவந்து சேர்க்கப்பட்ட குழந்தைக்கே அந்த அறம் பயன்படும். உப்பளத்திற்கும் கடலுக்கும் கூலிக்குச் செல்லும் பெற்றோர் ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய அடுப்பு எரியாது என்பதை நான் என் ஊரிலேயே கண்டிருக்கிறேன். அவர்தம் பிள்ளைக்குக் காது மந்தம் என்பதை யார் கண்டுபிடிப்பார்? மக்கு என்ற பெயரோடு அவன் பள்ளியை விட்டு நின்றுவிடுவான். குழந்தை மருத்துவரைத் தேடிப் போவதன்று, மருத்துவர் குழந்தையைத் தேடி வருவதே முறை. அதனை ஒருவரது இரக்கத்திற்கு விடாமல் அரசின் கடமையாக்க வேண்டும். இங்கிலாந்தில் பள்ளி மருத்துவப் பரிசோதனை 1907இலேயே சட்டமாகிவிட்டது. இங்கோ, சட்டசபைத் தீர்மானம் வெறும் பரிந்துரையே. அரசைக் கட்டாயப்படுத்தும் வலிமை அதற்கில்லை.

காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930இல் அம்மையார் பதவியைத் துறந்தார். பதவி போயிற்றே தவிர, பணி நிற்கவில்லை. ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லத்தை நிறுவினார். அவரது முயற்சியால் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் மருத்துவமனை 1954இல் செயற்படத் தொடங்கியது. 1968 ஜூலை 22ஆம் நாள் அவர் மறைந்தார்.

பின்னர் காலம் மாறியது. மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1995இல் வந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனினும் விரிவானது. குறிப்பிட்ட அளவு குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உரிமை என்று அது கூறுகிறது. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டறிய, மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் செல்லும் திட்டம் 2013இல் தொடங்கிற்று. அம்மையார் கேட்டது ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்குப் பின் விரிந்த உருவில் வந்தது எனலாம்.

தோழர்களே! சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஆனால் ஊரார் ஏசுவார்களோ என்று அஞ்சிப் பிள்ளையை வீட்டிற்குள் மறைத்து வைக்கும் தாய் இன்றும் நம் தெருவில் இருக்கலாம். அவளிடம் இந்த உரிமையை எடுத்துச் சொல்ல, படித்த நம்மை விட்டால் வேறு யார்? நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நாம் கூட்டும் தெருக்கள் மறுவாரமே குப்பையாகலாம். ஒரு குழந்தையை மருத்துவக் குழுவின் முன் கொண்டு நிறுத்தினால், அதன் பயன் அக்குழந்தையின் வாழ்நாள் முழுவதும் நிற்கும்.