சிந்தாமணி கண்ட உ.வே.சா.

தஞ்சைத் தரணியில், பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தவர் உ.வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயின்ற அவர், 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் முதலியவற்றை வரிசையாக எடுத்துரைத்தார். முதலியார் வியக்கவில்லை. இவற்றால் என்ன பயன் என்று வினவி, சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். அரிதின் முயன்று கற்ற கல்வியை ஒருவர் பொருட்படுத்தாதபோது உள்ளம் சுருங்குவது இயல்பே. ஐயரும் வாடினார்; ஆயினும் சினத்தை வளர்க்கவில்லை. தம்மைத் தாழ்த்திய சொல்லாக அதனைக் கொள்ளாது, தாம் இன்னும் கல்லாததைக் காட்டிய சொல்லாகக் கொண்டார். மீண்டும் முதலியாரிடம் சென்று, அவர் தந்த சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுக் கற்கலானார்.

அங்கும் இடர்ப்பாடே எதிர்ப்பட்டது. நச்சினார்க்கினியர் உரையைத் துணைக்கொண்டும் சமண சமயச் செய்திகள் விளங்கவில்லை. சைவ மடத்தின் சூழலில் வளர்ந்த அப்புலவர், தாம் கல்லூரி ஆசிரியர் என்ற எண்ணத்தை ஒதுக்கிவைத்து, கும்பகோணத்துச் சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். முதன்முறை சென்ற நாளில் அவ்வீட்டில் கோலமும் தோரணமும் பொலிந்தன. காரணம் வினவியபோது, அன்று சிந்தாமணி படித்து நிறைவுற்றதாகவும் அதற்காகவே அவ்விழா என்றும் அறிந்தார். ஏட்டில் மறைந்து கிடக்கிறது என அவர் எண்ணியிருந்த நூல், நம் முன்னோர் இல்லத்தில் வழிபாடாய் வாழ்ந்துகொண்டிருந்தது. சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். ஏடுகள் பல தேடி, பாடங்களை ஒப்புநோக்கி, 1887இல் சிந்தாமணியை உரையுடன் பதிப்பித்தார்.

நூல் வெளிவந்தபின் சிலர் கண்டனம் எழுதினர். மனம் புண்பட்ட ஐயர் மறுப்பெழுதிச் சாது சேஷையரிடம் காட்டினார். சேஷையர் அதனைக் கிழித்தெறிந்து, கண்டனங்களுக்கு விடையிறுக்கத் தொடங்கினால் காலமெல்லாம் அதிலேயே கழியும் என்று உணர்த்தினார். ஐயர் அவ்வறிவுரையை ஏற்றார். அங்ஙனம் மிஞ்சிய காலமே 1889இல் பத்துப்பாட்டாகவும், 1892இல் சிலப்பதிகாரமாகவும், 1894இல் புறநானூறாகவும், 1898இல் மணிமேகலையாகவும் மலர்ந்தது எனலாம். 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அவர் மறைந்தார்.

ஒரு பொருளைப் பல கோணங்களில் நோக்குக என்பது நம் அநேகாந்தக் கொள்கை. வாதத்திற்கு மட்டுமன்று, வாழ்க்கைக்கும் அஃது உரியது. அலுவலகத்தில் கேட்ட ஒரு கடுஞ்சொல்லும், இல்லத்தில் எழும் சிறு பிணக்கும் நம்மை வாட்டும்போது, அதன் மறுபக்கத்தையும் ஒருகணம் நோக்குவோம். அங்கே நாம் கற்கவேண்டியது ஒன்று காத்திருக்கக்கூடும்.