மார்கரீத்தா அம்மாளும் மூன்று மைந்தரும்

ஆண்டுதோறும் ஜனவரி 31ஆம் திகதி திருச்சபை புனித யோவான் பொஸ்கோவின் திருவிழாவைக் கொண்டாடுகின்றது. சிறுவர்கள் புடைசூழப் புன்னகையோடு நிற்கும் குருவானவராகவே அவரை நாம் படங்களிலும் சுரூபங்களிலும் கண்டு பழகியுள்ளோம். அவரே முன்னொரு காலத்தில், தமையனின் கோபத்தின் பொருட்டு, பனி மூடிய பெப்ரவரி மாதமொன்றில் சிறு துணிமூட்டையுடன் வீட்டை விட்டுச் சென்ற சிறுவனாகவும் இருந்தார். அவ்வாறு அவரை அனுப்பி வைத்தவர் பெற்ற தாயே. அத்தாயின் வாழ்வை இவ்வாரம் நினைவுகூருவோம். குடும்பத் தலைவர் கடலிலோ கடல் கடந்த நாட்டிலோ உழைத்துக்கொண்டிருக்க, ஆண்பிள்ளைகளின் பிணக்குகளைத் தனித்து நின்று தீர்க்கும் அன்னையர்க்கு இது அந்நியமான கதையாக இராது.

மார்கரீத்தா ஒக்கியேனா 1788ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி, வட இத்தாலியின் பியெமொந்தேப் பகுதியிலுள்ள கப்ரிலியோ என்னும் சிற்றூரில் உழவர் குடும்பமொன்றிலே பிறந்தார். எழுத வாசிக்க அறியாதவர். ஆயினும் மறைக்கல்வியை மனப்பாடமாக அறிந்தவர். 1812 ஜூன் மாதத்தில் பிரான்சிஸ்கோ பொஸ்கோ என்பவரை மணந்தார். பிரான்சிஸ்கோ மனைவியை இழந்தவர். முதல் மனைவி விட்டுச்சென்ற மகன் அந்தோனிக்கு அப்போது நான்கு வயது. 1813இல் யோசேப்பும், 1815 ஓகஸ்ட் 16ஆம் திகதி யோவானும் பிறந்தனர். பிரான்சிஸ்கோவின் முதிய தாயாரும் அவர்களுடனேயே வாழ்ந்தார். காஸ்தெல்நுவோவோவைச் சேர்ந்த பெக்கி என்னும் குக்கிராமமே அவர்களது இருப்பிடம்.

1817 மே மாதத்தில் ஒருநாள், வியர்வை சொட்ட வேலை முடித்து வந்த பிரான்சிஸ்கோ குளிர்ந்த நிலவறைக்குள் இறங்கினார். அன்று மாலையே கடுங்காய்ச்சல் கண்டது. சில நாட்களில் நுரையீரல் அழற்சியால் மரணமானார். அவருக்கு வயது 33. தந்தையின் உடல் கிடந்த அறையை விட்டுத் தந்தையின்றி வரமாட்டேன் என்று தாம் அடம்பிடித்ததும், இனித் தந்தை இல்லை எனக் கூறி அன்னை அழுதவாறே தம்மை அழைத்துச் சென்றதுமே தம் வாழ்வின் முதல் நினைவு என யோவான் பொஸ்கோ பிற்காலத்தில் எழுதினார். அப்போது அவருக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை.

இருபத்தொன்பது வயதில் கைம்பெண்ணான மார்கரீத்தாவின் பொறுப்பில் மூன்று பிள்ளைகளும் ஒரு முதிய மாமியாரும் இருந்தனர். அவ்வாண்டு பஞ்சமும் வந்தது. தானியம் வாங்கப் பணத்துடன் அனுப்பப்பட்ட அயலவர் வெறுங்கையோடு திரும்பினார். மார்கரீத்தா பிள்ளைகளுடன் முழந்தாளிட்டுச் செபித்தார். பின்னர் எழுந்து தொழுவத்துக்குச் சென்று, அயலவரின் உதவியுடன் கன்றுக்குட்டியை அறுத்து அவர்களுக்கு உணவளித்தார். உழவர் வீட்டில் கன்றைக் கொல்வது விதைநெல்லை உண்பதற்கு ஒப்பானது. வேறு வழியிருக்கவில்லை.

நல்ல வசதியுள்ள ஒருவர் அவரை மறுமணம் செய்ய முன்வந்ததும் உண்டு. பிள்ளைகளை நல்லதொரு பாதுகாவலர் பார்த்துக்கொள்வார் என்பதே ஏற்பாடு. அவர் மறுத்துவிட்டார். பாதுகாவலர் நண்பராகலாம், தாயாக முடியாது என்பதே அவரது விடை. மூன்று பிள்ளைகளுக்காகவும் அவர் இந்த விடையைச் சொன்னார் என்பதை நாம் கவனிக்கவேண்டும். அந்தோனி அவர் பெற்ற பிள்ளை அல்லன். மூன்று வயதிலே பெற்ற தாயையும், ஒன்பது வயதிலே தந்தையையும் இழந்த பிள்ளை.

புனிதரின் வரலாற்றைச் சொல்பவர்கள் அந்தோனியைப் பெரும்பாலும் கொடியவனாகவே காட்டிவிடுகின்றனர். இது நியாயமன்று என்றே தோன்றுகின்றது. தந்தை இறந்த நாள் முதல் அவ்வீட்டின் மூத்த ஆண்மகன் அவன். தம்பியர் விளையாடும் வயதில் அவன் கைகளிலே மண்வெட்டி ஏறிவிட்டது. ஏறிய பாரத்துக்கு ஏற்ற அதிகாரம் மட்டும் கிடைக்கவில்லை. வீட்டை ஆளுபவர் சிற்றன்னை. கோபம் மிகும்போது அவரைச் சிற்றன்னை என்றே குத்திக்காட்டுவான். சில வேளைகளில் கைமுட்டிகளை இறுக்கிக்கொண்டு அவர் முன் வந்து நிற்பான்.

மார்கரீத்தா உடல் வலிமை மிக்க நாட்டுப்புறப் பெண். அடிக்கக் கையோங்கியிருந்தால் அந்தோனி தாங்கியிருக்கமாட்டான். அவரோ ஓரடி பின்வாங்கி நின்று, தம்மாலும் அவனை அடக்க முடியும் என்பதையும், அவன் தம் கணவரின் மகன், ஆகவே தம் மகன் என்பதால் அவ்வாறு செய்யப்போவதில்லை என்பதையும் அமைதியாக எடுத்துரைப்பார் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஓங்கிய கை தானாகவே இறங்கும். சின்னவர்களிடமும் அவர் கண்டிப்பாகவே நடந்துகொண்டார். வீட்டின் மூலையிலே ஒரு பிரம்பு சாத்தி வைக்கப்பட்டிருந்தது. ஒருமுறை யோவான் அலுமாரியின் மேலிருந்த எண்ணெய்ச் சாடியைத் தவறுதலாக உடைத்துவிட்டு, தானே ஒரு கம்பை வெட்டிச் சீவி எடுத்துக்கொண்டு வழியிலே சென்று தாயிடம் நீட்டினான். அன்னை சிரித்துவிட்டார். காலையும் மாலையும் மூவரும் அவருடன் சேர்ந்து முழந்தாளிட்டுச் செபிக்கவேண்டும் என்பது அவ்வீட்டின் சட்டம். பகலில் சண்டையிட்டவர்களும் மாலையில் அருகருகே முழந்தாளிட்டனர்.

இவ்விருவருக்கும் நடுவே பிறந்த யோசேப்பு சாதுவானவன். பிணக்கு முழுவதும் மூத்தவனுக்கும் இளையவனுக்கும் இடையிலேயே இருந்தது. காரணம் புத்தகம்.

யோவான் கூரிய புத்தியுள்ளவன். ஒன்பது வயதளவில் கண்ட கனவொன்று, முரட்டுச் சிறுவர்களை நல்வழிப்படுத்தும் பணிக்குத் தான் அழைக்கப்படுவதாக அவன் உள்ளத்திலே பதிந்துவிட்டது. மறுநாள் அதை வீட்டாரிடம் சொன்னபோது, இவன் ஆடு மேய்ப்பான் என்றான் யோசேப்பு. கள்வர் கூட்டத் தலைவனாவான் என்றான் அந்தோனி. கனவுகளை நம்பக்கூடாது என்றார் பாட்டியார். ஒருவேளை குருவாகலாம் என்று சொன்னவர் தாய் மட்டுமே. குருவாக வேண்டுமாயின் இலத்தீன் கற்கவேண்டும்; அதற்குப் பணமும் நேரமும் வேண்டும். நிலமோ ஆள் பலம் கேட்டது. ஒருவன் களைகொத்த மற்றவன் புத்தகத்துடன் இருப்பதை அந்தோனியால் பொறுக்க முடியவில்லை.

1826 பெப்ரவரியில் பாட்டியார் இறந்தார். அந்தோனி அடங்கி நடந்தது அம்மூதாட்டியிடமே. அவர் மறைந்ததும் தடை நீங்கியது போலாயிற்று. அவனுக்குப் பதினெட்டு வயதும் ஆகிவிட்டது. ஒருநாள், புத்தகங்களைக் காணாமலேயே தான் இவ்வளவு வலிமையாக வளர்ந்திருப்பதாக அந்தோனி பெருமை பேசினான். நம் வீட்டுக் கழுதையும் பள்ளிக்கூடம் போகாமல்தான் அண்ணனைவிடப் பெரிதாக வளர்ந்திருக்கின்றது என்றான் யோவான். பதிலைச் சொல்லி முடித்ததும் ஓடித் தப்பவும் வேண்டியிருந்தது. இதை அவர் தாமே பிற்காலத்தில் மறைக்காமல் எழுதி வைத்தார். எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றத் தெரியாதவர் அல்லர் நம் புனிதர்!

இந்நிலையிலே மார்கரீத்தா செய்த ஒரு காரியம் இன்றும் நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. யோவானுக்குப் பன்னிரண்டு வயதளவில், அவர் அவனை வீட்டை விட்டு அனுப்பினார். துணிகள் சிலவற்றையும் பக்திப் புத்தகங்கள் இரண்டையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, பண்ணைகளிலே வேலை தேடிப் பனியில் நடந்தான் சிறுவன். மோலியா குடும்பத்தாரின் பண்ணையிலே முதலில் வேலை இல்லை என்றார்கள். அவன் அழுது மன்றாடிய பின்னரே, அவ்வீட்டுப் பெண்மணியின் இரக்கத்தால் சேர்த்துக்கொள்ளப்பட்டான். மாடுகளைப் பராமரித்தும் திராட்சைத் தோட்டத்தில் உழைத்தும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்கிருந்தான்.

தவறு செய்தவன் மூத்தவனாயிருக்க இளையவனை ஏன் அனுப்பினார் என்று கேட்கத் தோன்றும். அந்தோனியை வெளியேற்றியிருந்தால், மாற்றாந்தாய் தன் பிள்ளைகளுக்காக மூத்தாள் மகனைத் துரத்திவிட்டாள் என்ற பேச்சு அவன் வாழ்நாள் முழுவதும் அவனைத் தொடர்ந்திருக்கும். தான் இவ்வீட்டுப் பிள்ளை அல்லன் என்ற அவனுடைய அச்சமும் உண்மையாகியிருக்கும். பிறகு அவன் எந்த வீட்டுக்குத் திரும்பி வருவான்? தாயின் அன்பை ஐயுறாத பிள்ளையையே அவர் பிரிந்திருக்கத் தெரிந்துகொண்டார். விலை கொடுத்தவன் ஒரு சிறுவன் என்பதையும் மறைத்தற்கில்லை. அவன் படிப்புப் பின்தள்ளிப்போயிற்று. அந்நியர் வாசலில் நின்று அவன் அழ நேர்ந்தது. வேறு வழி இருந்திருக்குமா என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒருவரையொருவர் அடித்துக் காயப்படுத்தும் நாள் வருவதற்கு முன்னர் அத்தாய் அவர்களிடையே சில மைல் தூரத்தை வைத்தார்.

1829ஆம் ஆண்டின் இறுதியில் தாய்மாமன் மிக்கேல் முயற்சியெடுத்து யோவானை வீட்டுக்கு அழைத்து வந்தார். அவ்வேளையில் மொரியால்தோ ஆலயத்தில் பணியாற்றிய கலோசோ என்னும் முதிய குருவானவர் அவனுக்கு இலத்தீன் கற்பிக்க முன்வந்தார். புத்தகம் மீண்டும் வீட்டுக்கு வந்தது, சச்சரவும் வந்தது. யோவான் குருவானவரின் இல்லத்திலேயே தங்கலானான். 1830 நவம்பரில் அக்குருவானவரும் இறந்துவிட, சிறுவன் ஆறுதலடைய முடியாமல் தவித்தான்.

அக்காலப்பகுதியிலே மார்கரீத்தா தம் இரண்டாவது பெரிய முடிவை எடுத்தார். குடும்பச் சொத்து பிரிக்கப்பட்டது. அந்தோனி தன் பங்கைப் பெற்றுக்கொண்டு, 1831இல் திருமணம் செய்து, பெக்கியிலேயே தன் குடும்பத்தை நடத்தினான். சொத்துப் பிரிவினை குடும்பத்தை உடைத்துவிடும் என்று நாம் அஞ்சுவது வழக்கம். இங்கோ, தன் வரப்புக்குள் தானே தலைவனான நாள் முதல் அந்தோனிக்குத் தம்பியின் புத்தகம் பகையாகத் தோன்றவில்லை. மார்கரீத்தா யோசேப்புடன் வாழ்ந்தார். யோசேப்பு சுசம்பிரீனோ என்னும் இடத்தில் வாரத்துக்கு நிலமெடுத்துப் பயிரிட்டான். யோவான் காஸ்தெல்நுவோவோவிலும் கியேரியிலும் கற்று, 1835இல் குருமடம் புகுந்து, 1841 ஜூன் 5ஆம் திகதி தூரின் நகரிலே குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

1846இல் அவர் கடும் நோயுற்று, ஓய்வுக்காகப் பெக்கிக்கு வந்திருந்தார். மீண்டும் தூரினுக்குப் புறப்பட்டபோது, தம்முடன் வருமாறு அன்னையை அழைத்தார். மார்கரீத்தாவுக்கு வயது 58. பேரப்பிள்ளைகள் சூழ யோசேப்பின் வீட்டிலே நிம்மதியாக இருந்தார். ஆயினும் நவம்பர் 3ஆம் திகதி, கூடையொன்றைக் கையிலெடுத்துக்கொண்டு மகனுடன் நடந்தே தூரினுக்குச் சென்றார். வல்தோக்கோ என்னும் வறிய பகுதியில் அவர்களுக்கு இருந்தவை வாடகை அறைகள் சிலவே. அடுத்த ஆண்டு மே மாத மழை இரவொன்றில், நனைந்து நடுங்கியபடி வந்த அநாதைச் சிறுவன் ஒருவனுக்குச் செங்கற்களின் மீது பலகை வைத்துப் படுக்கை அமைத்துக் கொடுத்தார். அவன் உறங்கும் முன் நல்வார்த்தை சில கூறினார். சலேசிய இல்லங்களில் இரவுச் செபத்தின் பின் சொல்லப்படும் சிற்றுரைக்கு அதுவே தொடக்கம் என்பர்.

திருமண நாளில் அணிந்த ஆடையையும் அவர் சிற்றாலயத்தின் தேவைக்காகக் கொடுத்துவிட்டார். பெக்கியில் மூன்று ஆண்பிள்ளைகளைச் சமாளித்தவருக்கு இப்போது எண்ணற்ற பிள்ளைகள். உலர்த்திய துணிகளை இழுத்தெறிவார்கள். போர் விளையாட்டு விளையாடி அவர் பாடுபட்டு வளர்த்த காய்கறித் தோட்டத்தை மிதித்து அழிப்பார்கள். ஒருநாள் மனம் சலித்து, ஊருக்கே திரும்பப் போவதாகச் சொல்லிவிட்டார். மகன் ஒன்றும் பேசாமல் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைச் சுட்டிக்காட்டினார். அன்னையின் கண்கள் கலங்கின. மீண்டும் அடுக்களைக்குச் சென்றார்.

பிள்ளைகளை அடித்துத் திருத்தக்கூடாது, அறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றினாலும் முன்கூட்டியே காக்கவேண்டும் என்பது யோவான் பொஸ்கோவின் கல்விமுறை. அதன் வேர்களைப் பல அறிஞர்கள் பல இடங்களிலே தேடியுள்ளனர். ஓங்கிய முட்டியின் முன்னே ஓரடி பின்வாங்கி நின்ற ஒரு தாயை அவர் சிறுவயதில் கண்டிருந்தார் என்பதையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம்.

1856 நவம்பர் 25ஆம் திகதி அதிகாலை மார்கரீத்தா அம்மாள் இறைவனடி சேர்ந்தார். யோசேப்பு ஊரிலிருந்து வந்து அருகிலிருந்தார். பொழுது புலருமுன் யோவான் பொஸ்கோ, சிறுவன் ஒருவனை உடனழைத்துக்கொண்டு ஆறுதல் அன்னையின் ஆலயத்துக்குச் சென்று தாய்க்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். ஏழைகளுக்குரிய பொதுக் கல்லறையிலே அவர் அடக்கம் செய்யப்பட்டார். மகனுக்கு 1934இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. தாயை 2006இல் திருச்சபை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

அந்தோனி அந்தச் சாவுவீட்டுக்கு வரவில்லை. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னர், 1849 ஜனவரி 18ஆம் திகதி, நாற்பது வயதிலே அவர் காலமாகிவிட்டார். அதுவரை, பெக்கியிலிருந்து இடையிடையே தூரினுக்கு வந்து, தம்பியையும் அம்மாவையும் பார்த்து, தம் பிள்ளைகளைப் பற்றியும் அவ்வாண்டின் விளைச்சலைப் பற்றியும் கட்டவேண்டிய வரிகளைப் பற்றியும் பேசியிருந்துவிட்டு ஊர் திரும்புவது அவரது வழக்கமாயிருந்தது.