ஜொசே பெத்ரோ பிராகாவும் மக்காவியர் குடிவரலாறும்

சீனத்தின் தென்கடற்கரைத் துறைமுகமான மக்காவுவில் 16ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் போர்த்துக்கீசியர் குடியேறினர். அவர்களுக்கும் ஆசியப் பெண்டிருக்கும் பிறந்த வழித்தோன்றல்களே மக்காவியர். சீனப் பெண்கள் திருமுழுக்குப் பெறும்போது போர்த்துக்கீசியப் பெயர் ஏற்றனர். ஆதலின் பதிவேடுகளில் தந்தைவழி நிலைபெற, தாய்வழி பெரிதும் மறைந்தது. இத்தகைய குடிவரலாற்றின் சிக்கலை விளக்கவல்லது பிராகாவின் வாழ்க்கை.

பிராகா 1871-இல் ஆங்காங்கில் பிறந்தார். தந்தை பணிநிமித்தம் ஜப்பான் சென்று ஒசாகா நாணயச்சாலையில் கணக்கியல் பொறுப்பேற்றார். மகனோ தாய்வழிப் பாட்டனாரான தெல்பினோ நொரோனாவின் இல்லத்தில் வளர்ந்தார். நொரோனா 1844-இல் மக்காவுவிலிருந்து ஆங்காங்கிற்குப் பெயர்ந்து அச்சகம் நிறுவியவர். குடியேற்ற அரசின் அரசிதழ் அவரது அச்சகத்தில்தான் அச்சானது. பிராகா என்னும் குடிப்பெயரை மட்டும் பின்தொடரும் ஆய்வாளருக்கு, அவரை உருவாக்கிய நொரோனா இல்லம் புலப்படாது. தாய்வழியையும் ஆராய வேண்டியதன் தேவையை இஃது உணர்த்துகின்றது.

பிராகா கல்கத்தாவில் பயின்றார். வழக்கறிஞராகும் விருப்பம் அவருக்கிருந்தது. ஆயினும் உடன்பிறந்தோர் பெரியம்மையால் மாண்டமையால், தாயின் அழைப்பை ஏற்று ஊர் திரும்பிப் பாட்டனாரின் அச்சகத்தில் பணிபுரிந்தார். அக்காலத்து ஆங்காங்கில் மக்காவியருள் பெரும்பாலோர் எழுத்தர்களாகவே இருந்தனர். உயர்பதவிகள் பிரித்தானியருக்கே உரியனவாக இருந்தன. இப்பாகுபாட்டை எதிர்த்து, ஆங்காங்கில் அயலாரின் உரிமைகள் என்னும் பொருளில் 1895-இல் ஆங்கில நூலொன்றை அவர் வெளியிட்டார். அரசின் ஆணைகளை அச்சேற்றிய குடும்பத்தின் பேரன் அம்மண்ணிலேயே அயலாராகக் கருதப்பட்டமை, அந்நூலின் பின்னணியில் அமைந்த முரணாகும்.

1902 முதல் 1910 வரை ஆங்காங் டெலிகிராப் நாளிதழின் மேலாளராகப் பணியாற்றினார். 1929-இல் சட்டமன்ற உறுப்பினராக அமர்த்தப்பெற்றார். அம்மன்றத்தில் இடம்பெற்ற முதல் போர்த்துக்கீசியச் சமூகத்தவர் அவரே. கவுலூன் பகுதியின் வளர்ச்சிக்கும் மின்வழங்கல் பணிக்கும் துணைநின்றார். அங்குள்ள தெருவொன்று இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

1941 திசம்பரில் ஆங்காங் ஜப்பானியர் வசமாயிற்று. போரில் நடுநிலை பேணிய போர்த்துக்கல்லின் ஆட்சியிலிருந்த மக்காவு ஏதிலியரின் புகலிடமானது. பிராகாவும் அங்குச் சென்று, 1944 பிப்ரவரியில் மறைந்தார். பாட்டனார் நீங்கிய ஊருக்குப் பேரன் மீண்டு மறைந்தபோது, இடையில் நூறாண்டுகள் கடந்திருந்தன. ஆங்காங்கிலும் சீனத்திலும் வாழ்ந்த போர்த்துக்கீசியரைப் பற்றி அவர் எழுதிய வரலாறு அவ்வாண்டிலேயே மக்காவுவில் வெளிவந்தது. மகன் ஜாக் பிராகா திரட்டிய நூல்களும் ஆவணங்களும் 1966-இல் ஆசுத்திரேலிய தேசிய நூலகத்தைச் சேர்ந்தன.

இளமையில் உரிமை கோரிய பிராகா, முதுமையில் தம் சமூகத்தின் வரலாற்றை எழுதினார். இரண்டும் ஒரே முயற்சியின் இரு நிலைகள் எனலாம். அயலார் எனப்பட்ட ஒரு சமூகத்திற்கு, தலைமுறைகளின் வரலாறே அம்மண்ணோடு தனக்குள்ள உறவை மெய்ப்பிக்கும் சான்றாகின்றது. எனினும் அச்சான்று முழுமைபெற, பதிவேடுகளில் பெயரிழந்த தாயரின் வழியும் மீட்கப்படுதல் வேண்டும்.