சிற்றூர் வாழ்வைச் செதுக்கிய நந்தலால் போஸ்

அரசரும் அரண்மனையுமே ஓவியத்துக்கு உரிய பொருள்கள் என்று எண்ணியோர் பலர். 16-ஆம் நூற்றாண்டிற் பிளெமிய ஓவியர் பீட்டர் புரூகல் குடியானவர் திருவிழாக்களை வரைய, அவை செப்புத்தகட்டில் அச்சாகி அன்ட்வெர்ப் நகரில் விற்பனையாயின. பாரத நாட்டில் அத்தகைய பணியைத் தமக்குரிய வழியிற் செய்தவர் நந்தலால் போஸ் ஆவார்.

இப்பெரியார் 1882-ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 3-ஆந் திகதி, இன்றைய பீகார் மாநிலத்துக் கரக்பூரிற் பிறந்தார். இளமையிலே அன்னையார் செய்து கொடுத்த பொம்மைகளும், ஊர்க் குயவரின் கைத்திறனும் அவர் மனத்தைக் கவர்ந்தன. கல்வியின்பொருட்டுக் கல்கத்தா சென்றவர் கல்லூரிப் பரீட்சைகளிற் பலமுறை தவறினார். வணிகக் கல்வியும் கைகூடவில்லை. ஈற்றில் வீட்டாரின் இசைவு பெற்று ஓவியக் கலாசாலையிற் சேர்ந்து, அவனீந்திரநாத தாகூரின் மாணாக்கரானார். பரீட்சைப் பெறுபேறு ஒன்றையே கொண்டு மாணவரை அளக்கும் நாம் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

1922-இல் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் தலைவராயினார். அயலிலுள்ள சந்தாலர் வாழ்வும், வயலும், மாடும், மரமும் அவருடைய ஓவியங்களில் இடம்பெற்றன. லினோலியத் துண்டைக் கத்தியாற் செதுக்கி, எஞ்சிய மேட்டில் மை தடவித் தாளில் ஒற்றுவது எளிய முறை. செதுக்கிய இடம் வெண்மையாகவும் ஏனையது கருமையாகவும் தோன்றும். ஓர் அச்சிலிருந்து பல படிகள் எடுக்கலாம். 1930-இல் வெளியான இரவீந்திரநாத தாகூரின் வங்காளப் பாலபாடமாகிய 'சகஜ பாட'த்துக்கு அவர் இவ்வாறே படம் அமைத்தார். செல்வர் மாளிகையில் தொங்கும் ஓவியம் சிறுவர் கைக்கு எட்டாது. இதுவோ ஏழைச் சிறுவன் கையிலும் இருந்தது. அவ்வாண்டிலேயே, தண்டி யாத்திரையிற் கோலூன்றி நடக்கும் காந்தியடிகளையும் செதுக்கினார்.

1934-இல் தாகூருடன் இலங்கைக்கும் வந்தார். 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் மகாநாட்டுக்காக, அடிகளின் வேண்டுகோட்படி, மத்தளம் கொட்டுவோரையும் தச்சரையும் நெற்குற்றும் மகளிரையும் தீட்டினார். 1954-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1966-ஆம் ஆண்டு ஏப்ரில் 16-ஆந் திகதி காலமானார்.

நம் குடாநாட்டிலே துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த காட்சி மறைந்துவிட்டது. பனையோலை பின்னுவோரும் அருகி வருகின்றனர். இவற்றைக் கண்ட முதியோர் நம்மிடையே இன்னும் உளர். நம் கல்லூரிச் சித்திர வகுப்பு மாணவர் அவர்களிடம் கேட்டறிந்து, ஒரு துண்டு லினோலியத்திலேனும் செதுக்கி வைப்பாராயின், அதுவே இப்பெரியார்க்கு நாம் செய்யும் அஞ்சலியாகும்.